சீட்டு ஃபைலைச் சுருக்கிய ஞாயிறு

பெரம்பலூரில் நான் தனியாக இருந்த வருடங்களில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்காது. மற்ற நாட்களில் கம்ப்யூட்டர் சென்டரில் முதல் பேட்ச்சிலிருந்து கடைசி பேட்ச் வரை யாராவது ஒருவர் "மேடம், இது வர மாட்டேங்குது" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஞாயிறன்று சென்டர் மூடியிருக்கும். அப்பா இறந்த பிறகு அம்மா திருப்பூருக்கு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. துறையூர் ரோட்டை ஒட்டிய ஒரு வீட்டின் பின்பக்கத்தில் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மறைப்பும் வாடகைக்கு எடுத்திருந்தேன். துணி துவைத்து, தலைக்குக் குளித்து, ஓர் ஆளுக்குச் சோறு வடித்து முடித்தால் பாதிக் காலைகூடப் போயிருக்காது. அப்போது பார்த்து வீட்டுக்காரம்மா வந்து நிற்பார்.

"ஊருக்குப் போகலியா? அண்ணன் கூப்புடலியா?"

"அடுத்த வாரம் போவேன்க்கா."

எல்லா வாரமும் இதே பதில்தான். அவரும் எல்லா வாரமும் முதல்முறை கேட்பதுபோலத் தலையாட்டுவார்.

அதனால்தான் 2006-இல் குரும்பலூரிலிருந்து ஒருவர் சென்டருக்கு போன் செய்து, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்க்க முடியுமா என்று கேட்டபோது, வேறு யாரையும் அனுப்பாமல் நானே போகிறேன் என்றேன். ஞாயிறு வந்தால் வசதி என்று அவர் சொன்னதும் எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். ஓட்டு வீடு. முன்னறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கால்கள் மேல் போர்வை. கட்டிலுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டு, அதன்மேல் கீபோர்டையும் பழைய டப்பா மானிட்டரையும் வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டதாம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஊர் திரும்பிக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"எதத் தொட்டாலும் எடம் இல்ல, எடம் இல்லன்னு கீழ ஒரு பலூன் வருது மேடம்," என்றார்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷின். ஹார்ட் டிஸ்க் சின்னது. அதில் பாதியை விண்டோஸே பிடித்திருந்தது. மிச்சத்தில் பெரும் பங்கை ஒரே ஒரு ஃபைல் அடைத்துக்கொண்டிருந்தது. என்ன ஃபைல் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "சீட்டு," என்றார்.

சிங்கப்பூரில் ஒரே அறையில் தங்கியிருந்த நான்கு பேர் அவர்கள். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் போக்கர் என்கிற சீட்டாட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறு லீவில் அதுதான் பொழுதுபோக்கு. தோற்றவன் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். இவர் விழுந்து ஊருக்கு வந்தார். ஒருவர் துபாய்க்கும் ஒருவர் மலேசியாவுக்கும் போனார்கள், ஒருவர் மட்டும் அங்கேயே இருந்தார். இப்போது நான்கு பேரும் ஞாயிறு காலையில் இன்டர்நெட்டில் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். துபாயில் வெள்ளிதான் லீவு என்றாலும் அங்கே இருப்பவர் நைட் ஷிஃப்ட் முடித்துவந்து சேர்ந்துகொள்வாராம். பணம் இல்லாத விளையாட்டுச் சில்லுகள்தான். துபாய்க்காரர் ஒரு சிடியில் ஒரு புரோகிராம் அனுப்பியிருந்தார். ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் அது பதிந்து வைத்துக்கொள்ளும். வேண்டும்போது பழைய ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். யார் என்ன சீட்டு வைத்திருந்தார்கள், நடுவில் என்ன டைப் அடித்துப் பேசிக்கொண்டார்கள், எல்லாமே வரும்.

"மத்த நாள்ல அவனுங்க வர முடியாதுல்ல. முன்ன ஆடுனத ஓட்டிப் பாப்பேன்," என்றார். "அப்படியும் பொழுது போகலைன்னா யாரு கூடவாவது ஆடுவேன். எந்த நாட்டுக்காரனுங்களோ தெரியாது. அதெல்லாமும் இதுலயே ஏறிக்கிது."

தெரியாதவர்களோடு ஆடியதை எல்லாம் அழித்துவிடலாம், நண்பர்களோடு ஆடியது ஒன்றுகூடப் போகக் கூடாது. இதுதான் அவர் எனக்குத் தந்த வேலை. பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் தேர்ந்தெடுத்து, மற்றதை அழித்தேன். மதியம்வரை ஆனது. முடித்துவிட்டு ஃபைலின் அளவைப் பார்த்தேன். ஒரு துளிகூடக் குறையவில்லை. மெஷினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அதே அளவு, அதே பலூன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்ணே," என்றேன். அவர் முகம் வாடியது. எனக்கோ, வெட்கமாக இருந்தாலும், அடுத்த ஞாயிறுக்கு ஒரு வேலை கிடைத்ததில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

அந்த வாரம் வகுப்பு முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் படித்தேன். இந்த மாதிரி ஃபைலில் உள்ளே இருப்பதை அழித்தால், அந்த இடம் காலியாகுமே தவிர, டிஸ்க்குக்குத் திரும்பி வராது. புதிதாக வருவதைப் போட்டுக்கொள்ள ஃபைலே அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அதைச் சுருக்கத் தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளை, இருப்பதை எல்லாம் புதிய ஃபைல் ஒன்றில் நெருக்கமாக எழுதி, பழையதைத் தூக்கிப்போடும். அந்தப் புதிய ஃபைலை எழுதவே இடம் வேண்டுமே, அவர் டிஸ்க்கில் அதுவும் இல்லை. வெளியிலிருந்து ஒரு டிஸ்க் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. சென்டர் ஓனரிடம் கேட்டேன். "பத்திரம்," என்று மூன்று தரம் சொல்லிக் கொடுத்தார். துண்டில் சுற்றி, பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் மடியில் அணைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டு அம்மா, "கண்ணாடிச் சாமானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முதல்முறை போனபோது அவர் மனைவி வீட்டில் இல்லை, வெங்காயக் காட்டில் வேலை. இந்த முறை இருந்தார். என் வயதுதான் இருக்கும். கை கழுவத் தண்ணீர் எடுத்துத் தருகிற சாக்கில் என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போனார். தொட்டியருகே நின்று குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பொட்டியில இருக்குறத மொத்தமா அழிச்சிடுங்க. கரெண்ட்டு போயி அழிஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம்."

நான் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"நான் காட்டு வேல முடிஞ்சு வந்தா அதையே பாத்துக்கிட்டு இருக்காரு. சோறு வெச்சா வாங்கிக்கிறாரு. அப்புறம் அதத்தான் பாக்குறாரு. நான் வூட்டுக்குள்ள வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது." செம்பைத் தொட்டி விளிம்பில் வைத்தார். "அதுல பொம்பள யாரும் இருக்காங்களா?"

"ஐயோ, இல்லக்கா. மூணு ஆம்பளைங்க. அவரு கூட வேல பாத்தவங்க. வெறும் சீட்டாட்டம், காசுகூடக் கெடையாது."

"அப்ப அழிச்சிடலாம்ல?"

"என்னால முடியாதுக்கா. அவரு என்னை நம்பிக் கூப்பிட்டிருக்காரு."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "செரி, அதுல என்னதான் இருக்குன்னாவது எனக்குக் காட்டச் சொல்லுங்க," என்றார்.

உள்ளே வந்து, "அண்ணே, வேலய ஆரம்பிச்சா சாயங்காலம்வரைக்கும் இதத் தொறக்க முடியாது. அதுக்கு முன்னாடி அக்காவுக்கு ஒரு ஆட்டம் ஓட்டிக் காட்டுங்களேன்," என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவிக்குக் கட்டில் ஓரத்தில் இடம் விட்டு, ஓர் ஆட்டத்தைத் திறந்தார். பச்சை மேசை, நான்கு நாற்காலிகள், சீட்டுகள் தாமாகவே விழுந்தன.

"இதுல நீங்க எது?"

"இந்தா, கீழ இருக்கேனே."

மூலையில் அவர்கள் பேசிக்கொண்டது ஓடியது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார்கள். அந்த அம்மா எட்டாவது படித்தவர். விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். "சா... ப்... டி... யா. சாப்பிட்டியாவா?"

"ம். துபாய்ல இருக்கானே, அவன் கேக்குறான்."

"சீட்டாடயில சாப்பிட்டியான்னா கேப்பாங்க?"

"கேப்பாங்க. முதுகு வலி எப்படி இருக்குன்னும் கேப்பாங்க."

அந்த அம்மா கீழே வந்த இன்னொரு வரியையும் எழுத்துக்கூட்டினார். முதுகு வலியைக் கேட்டதற்கு அவர் அடித்திருந்த பதில் அது. "பரவால்ல, அவ எண்ணெய் தேச்சு விட்டா." படித்து முடித்து, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "செரி, வேலயப் பாருங்க டீச்சர்," என்றார். ஆனால் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

மானிட்டரையும் கீபோர்டையும் கட்டிலிலிருந்து சுவரோர ஸ்டூலுக்கு மாற்றிக்கொண்டேன். ஃபைலை என் டிஸ்க்குக்கு நகலெடுத்து, அங்கே சுருக்கி, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பழைய மெஷின், எறும்பு மாதிரி ஊர்ந்தது. கரெண்ட் போனால் யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்பதால் அடிக்கடி நிமிர்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டேன். பார்க்க ஒன்றும் இல்லாமல் அவர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். தொடர்ந்து இரண்டு ஞாயிறு மேசைக்குப் போகாதது அவருக்கு அதுதான் முதல்முறையாம்.

அந்த அம்மா எழுந்துபோய் அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்துவந்தார். அவர் கணவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததுதான். கட்டிலில் உட்கார்ந்து படபடவென்று குலுக்கினார். அந்தக் கை பழகிய கை.

"உனக்குச் சீட்டாடத் தெரியுமா?" என்றார் அவர்.

"எங்க அண்ணனுங்களோட பொங்கலுக்குப் பொங்கல் ஆடியிருக்கேன்."

"சொல்லவே இல்லையே புள்ள?"

"நீங்க கேட்டீங்களா?"

"டீச்சர், நீங்களும் வாங்க," என்று அந்த அம்மா எனக்கும் சேர்த்துச் சீட்டுப் போட்டார். கழுதைதான் ஆடினோம். முதலில் இறங்கியது ஹார்ட்டினோ ஸ்பேடோ, அந்தச் சாதிச் சீட்டு கையில் இல்லாதவர் வேறு சீட்டால் வெட்டலாம், வெட்டுப்பட்டவர் கீழே கிடப்பதை எல்லாம் அள்ள வேண்டும், கடைசியில் கை நிறையச் சீட்டோடு நிற்பவர் கழுதை. அந்த அம்மா இரக்கமில்லாமல் வெட்டினார். ஒவ்வொரு தடவையும் "அள்ளுங்க, அள்ளுங்க" என்று புருஷன் தொடையில் தட்டினார். தட்டுவது அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் முகம் சிவக்கச் சிரித்தார். "ஏமாத்துறா மேடம், நீங்க பாருங்க," என்றார்.

இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு, மெஷினைப் பார்க்க வேண்டும் என்று நான் விலகிக்கொண்டேன். அவர்கள் இருவருமாக ஆடினார்கள். ஒருதரம் "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். அப்புறம் கூப்பிடவில்லை. நான் மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, வேலை நகர்வதைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர்கள் சச்சரவு கேட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் யாரும் எதையும் கேட்காததால் நான் சொல்லாமலே வைத்திருப்பவை என்னென்ன என்று யோசித்தேன். நிறைய இருந்தன.

கரெண்ட் போகவில்லை. ஃபைல் பழைய அளவில் சிறு பங்காகச் சுருங்கி வந்தது. டிஸ்க்கில் வேண்டிய மட்டும் இடம். பலூன் வரவில்லை. "அண்ணே, முடிஞ்சுது," என்றேன். "அப்படியா, சந்தோசம் மேடம்," என்றார் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எறக்கு புள்ள, என்ன யோசன."

அந்த அம்மாதான் எழுந்து வாசல்வரை வந்தார். ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம் கட்டிக் கொடுத்தார். "போயிட்டு வரேங்க்கா," என்றேன். "ஞாயித்துக்கெழமையில சும்மா இருந்தா வாங்க டீச்சர்," என்றார். மனதார அழைத்தார் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் நான் போகவில்லை. ரிப்பேர் எதுவும் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் எப்படிப் போவது என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த வருடம் அரியலூருக்கு மாறினேன். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி விடும் ஒரு கான்ட்ராக்டரின் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. ஜன்னல், மேசை, கீபோர்டு எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசு படியும். ஞாயிறன்றும் லாரி ஓடுவதால் ஆபீஸைத் திறந்து வைக்க ஓர் ஆள் வேண்டும். நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னைப் பொறுப்பானவள் என்று நினைத்துக்கொண்டார்.

அங்கே ஒரு ஞாயிறு காலை, வேலை ஒன்றும் இல்லாத நேரத்தில், அந்தச் சீட்டு விளையாட்டில் எனக்கும் ஒரு கணக்குத் தொடங்கினேன். அவர் ஊர்ப்பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து வைத்திருந்த பெயர் எனக்கு நினைவிருந்தது. தேடினேன், மேசை வந்தது. நான்கு பேரும் இருந்தார்கள். ஆட விரும்பாதவர்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கலாம். பார்த்தேன். மலேசியாக்காரர் தோற்றுக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் அவரைப் பாத்திரம் கழுவச் சொன்னார்கள். நாலைந்து ஞாயிறு அப்படிப் பார்த்திருப்பேன். "அண்ணே, நான்தான் டீச்சர்" என்று ஒருதரம் டைப் அடித்து, அனுப்பாமல் ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

நான் கடைசியாகப் பார்த்த அன்று அவர் பாதியிலேயே கிளம்பினார். "போறேன்டா, வூட்ல சீட்டுப் போட்டுட்டுக் கூப்புடுறா," என்று அடித்துவிட்டு எழுந்துபோனார். அவர் நாற்காலி காலியானது. அதில் உட்காரலாம் என்று எனக்கு அறிவிப்பு வந்தது. நான் உட்காரவில்லை. மிச்சம் மூன்று பேரும் கொஞ்ச நேரம் ஆடினார்கள், பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். மெஷினை அணைத்து, மேசைத் தூசியைத் துணியால் துடைத்தேன். எதிர்க்கடையில் ஒரு சாம்பார் சாதம் வாங்கிவந்து, லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.