நான் பார்க்காததால் வென்ற மட்ச்

அக்காவின் மகன் அமெரிக்காவில் ஒரு கீழ்நிலை லீக்கின் ரிசர்வ் அணிக்குக் கோல் கீப்பர். இந்த சீசன் முழுக்கத் தோல்விதான். நான் போனில் பார்ப்பதால்தான் தோற்கிறார்களாம். அக்காவின் தீர்ப்பு!

இன்றும் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மரக்கறிக் கடையில் நின்று களவாகப் பார்த்தேன். அவனுடைய அணிக்கு ஒரு கோல் முன்னிலை. கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி!

போனைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு, கத்தரிக்காய்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

"அண்ணை, நீங்கள் பாருங்கோ. எனக்கு ராசியில்லை."

"பிடிச்சிட்டான்! பெடியன் பந்தைப் பிடிச்சிட்டான்!"

முதல் வெற்றி! வரிசையில் நின்ற எல்லோரும் கை தட்டினார்கள். யாருக்கென்று ஒருவருக்கும் தெரியாது.

உடனே அக்காவின் அழைப்பு. "நீ பார்க்கேல்லைத்தானே?"

"சத்தியமாப் பார்க்கேல்லை அக்கா!"

உங்கள் அணியும் தோற்றுக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். பார்க்காமல் இருந்து தருகிறேன்.