அழகான கையெழுத்துக்காரரின் நாடகங்கள்

கல்முனையில் ஒரு காலத்தில் மேடையேறிய ஐந்து நாடகங்களும் என் நண்பனின் மறைந்த வாப்பா எழுதியவை என்றுதான் ஊர் நம்பியது. காரணம் கையெழுத்து. அந்தக் காலத்து ஒத்திகையில் ஒருவர் வசனத்தை வாயால் சொல்ல, எழுத்து அழகாக உள்ளவர் கொப்பியில் எழுதுவார். கொப்பிகள் எல்லாம் நண்பனின் வாப்பாவுடைய கையெழுத்து. வசனம் சொன்னவர் தன் வாப்பாதான் என்று பாலமுனையில் ஒரு பெண் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வாப்பாவும் மௌத்தாகிவிட்டார்; கேட்டறிய இருவருமே இல்லை.

நண்பன் நாடகங்களை நூலாக்கத் தொடங்கியபோது நானே வலியப் போய் நின்றேன். பல்கலைக்கழகத்தில் கற்ற வித்தையைக் காட்ட எனக்கு ஓர் ஊர்ச் சண்டை தேவைப்பட்டது. ஒருவர் தன்னை அறியாமல் திரும்பத் திரும்பப் போடும் சின்னச் சொற்களை, ‘ஆனால்’, ‘பிறகு’, ‘தானே’ போன்றவற்றை, கணினி எண்ணும். இருவரும் தத்தம் பெயரில் எழுதிய வானொலி நாடகங்களோடு ஒப்பிட்டால் சாயல் தெரிந்துவிடும்.

அந்தப் பாலமுனைப் பெண்ணை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிட்டேன்; அவர் தன் வாப்பாவின் வானொலிப் பிரதிகளைத் தந்தார். “மெசின் ஆள் பாக்காதுதானே, தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

ஐந்தில் முதல் மூன்று நாடகங்களும் ராத்தாவின் வாப்பா பக்கமே விழுந்தன, மற்ற இரண்டும் நண்பனின் வாப்பா பக்கம். சொற்களை மாற்றி மாற்றிப் பார்த்தும் அப்படியே. நண்பன் எண்களை இரண்டு முறை வாசித்தான். பிறகு, “ஓம் மச்சான், உண்மைய மறைக்கேலாது. ரெண்டு பேர்ட பேரையும் போடுவம்” என்றான். அவனை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

நூலை வெளியீட்டு விழாவில்தான் பார்த்தேன். அட்டையில் ஒரே பெயர், நண்பனின் வாப்பாவுடையது. ஐந்தையும் எழுதியவர் ஒருவரே என்பதைக் கணினி ஆய்வு உறுதிசெய்ததாக முன்னுரை சொன்னது. ஆய்வாளர் என்று என் பெயர்.

மேடையோரம் அவனைப் பிடித்தேன்.

“என்னடா இது?”

“உம்மா உசிரோட இரிக்கா. அவட முகத்தப் பாத்து என்னெண்டு செல்ற? உனக்கும் பேர் வந்திரிக்குதானே.”

“மைக்கத் தா.”

“அஸர் தொழுகைக்குப் பாங்கு செல்லப் போறாங்க. முடிச்சிட்டம்.”

சனம் எழும்பிப் போனது. பின்வரிசையில் ராத்தா மட்டும் நூலை மடியில் விரித்தபடி இருந்தார்.

“நான் இப்பிடிச் செல்லல்ல, ராத்தா. மூணு உங்கட வாப்பாட.”

“அத என்னட்ட செல்லி என்னத்துக்கு? எனக்கு முதலே தெரியும்.”

மைக்கைக் கழற்றிவிட்டார்கள். மேடையேறி, வெறும் வாயால் உரக்கச் சொன்னேன். சனம் இருந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப, புத்தகத்தில நீங்க வேற மாதிரியெல்லோ செல்லியிரிக்கீங்க?” என்றார்.