சவிரி அண்ணையின் தங்கப் பெட்டி

போன கிழமை காருக்குக் கால்மிதி வாங்க லாசாலில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கறுப்பு ரப்பர், குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும். கையில் எடுத்து மணந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளையைச் சற்றே இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கால்மிதியை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவனை நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். அந்த மணத்தோடு ஆற்றுத் தண்ணீரும் கரையிலிருந்து தின்ற மீன் பணிஸும் சவிரி அண்ணையும் வந்துவிட்டதை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது?

நான் இலேசில் யாரையும் நம்புகிற ஆளில்லை. மூலைக்கடை டெப்பனரில் பால் வாங்கினால் பின்வரிசையில் இருந்துதான் எடுப்பேன். மெட்ரோவில் யாராவது சிரித்துக்கொண்டு 'பொன்ஜூர்' சொன்னால் பொக்கற்றைத் தடவிப் பார்ப்பேன். இப்படிப்பட்ட என்னைத்தான் சவிரி அண்ணை தங்கம் எடுக்கக் கூப்பிட்டார்.

நாங்கள் இருவரும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை செய்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து அவருக்கு நாரியில், இடுப்புப் பக்கம், அடிபட்டது. அதன் பிறகு அவரால் வேலைக்கு வர முடியவில்லை. அந்தப் பனிக்காலம் முழுவதும் யன்னலோரத்தில் பேசாமல் இருந்தார் என்று அவருடைய மனைவி ரெஜினா அக்கா மாதா கோயிலில் கண்டால் சொல்லுவா. பனி கரைந்த பிறகு ஒருநாள் போன் வந்தது.

"தம்பி, உம்மட்ட கார் இருக்கெல்லே?"

தங்கம் பற்றி ஒரு சொல் இல்லை, முதலில் கார். எனக்கு அங்கேயே சந்தேகம் தொடங்கிவிட்டது. குனிந்து மண் வெட்டவும் அவரால் முடியாது என்பது ஆற்றங்கரைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அவரிடம் இருந்தது மடித்து எடுத்துப் போகக்கூடிய சின்ன அலுமினியத் தட்டு. இரண்டு பக்கமும் திறந்த பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஓடுகிற தண்ணீரில் சாய்வாக வைத்து மேல்பக்கம் மணலைப் போட வேண்டும். மணல் ஓடிவிடும், தங்கம் பாரமானது, அதனால் பெட்டியின் அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களுக்குப் பின்னால் தங்கும். சாத்திரம் அப்படி. எங்கள் பெட்டியில் கறுப்பு மணலும் என் வியர்வையும்தான் தங்கின.

அண்ணை விடவில்லை. தண்ணீர் வேகமாக ஓடுகிறது என்று பெட்டிக்குப் பின்னால் உயர்த்தி இறக்கும் கால்கள் பூட்டினார். கல் விழாமல் இருக்க மேலே ஓட்டைத் தகடு போட்டார். தமிழ்க்கடையில் தேங்காய்த் தும்புக் கால்மிதி வாங்கி அடியில் விரித்தார். தும்பு உதிர்ந்து ஆறு முழுவதும் மிதந்தது. கீழே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். வாழ்த்தாக இருக்காது. அதற்குப் பிறகுதான் பழைய காரின் ரப்பர் மிதியை வெட்டி விரித்தார்.

அன்றைக்கே தங்கம் வந்தது. ரப்பரின் பள்ளத்தில் கடுகளவில் மஞ்சளாக ஒன்று. அண்ணை நாரியை மறந்து தண்ணீரில் முழங்காலில் இருந்துவிட்டார். அழுதாரோ சிரித்தாரோ தெரியாது. அடுத்த சனிக்கிழமையும் வந்தது. அதற்கடுத்த சனியும்.

நான் அதை ஃபோனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் குறட்டால் நறுக்கியதுபோல் நேராக இருந்தது. ஆறு எப்போது குறடு வாங்கியது? எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னைக் காரோடும் மண்வெட்டியோடும் கட்டிப்போட அண்ணையே தங்கத்தைப் போட்டு எடுக்கிறார். அந்தக் கிழமை முழுவதும் எனக்குள் கொதித்தது. நேரில் கேட்டுவிடுவது என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெட்டிக்கு மேல் குனிந்திருந்தது ரெஜினா அக்கா. கையில் அறுந்த தங்கச் சங்கிலித் துண்டும் குறடும்.

அக்கா திடுக்கிட்டுக் குறட்டைக் கீழே போட்டுவிட்டா.

"தம்பி, உம்மைக் கும்பிட்டன், அவருக்குச் சொல்லிப்போடாதையும். ஆத்துக்குப் போட்டு வாற நாளில தான் மனுசன் வாய் திறந்து கதைக்கிறார். ஒண்டும் கிடைக்காட்டிப் பேந்தும் அந்த யன்னலடியில போய் இருந்திடுவார்."

முதல் சனியிலிருந்தே போட்டிருக்கிறா. ரப்பர் போடும் வரைக்கும் பெட்டி எல்லாவற்றையும் ஆற்றிலே விட்டிருக்கிறது.

அன்றிலிருந்து என் சந்தேகம் பக்கம் மாறியது. அண்ணை கண்டுபிடித்துவிடுவாரோ என்று ஒவ்வொரு சனியும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு தங்க மணியைக் கூடுதலாக உற்றுப் பார்த்தால் "அண்ணை, அங்க பாருங்கோ, மான்!" என்று கத்துவேன். அந்தக் கோடையில் நான் காட்டிய மான்களுக்கு ஒரு காடு போதாது. கடைசியில் வில்லரே பக்கம் ஒரு நகைக்கடைக்காரர் எல்லாவற்றையும் கெடுத்தார். அண்ணை தங்கம் சேர்த்து வைத்திருந்த போத்தலைக் கவிழ்த்துக் காட்டியதும் அந்த மனிதர் உரசிப் பார்த்துவிட்டு, "இது ஆத்துப் பொன் இல்லை அண்ணை, நகைப் பவுன். ஊர்ச் சங்கிலியாயிருக்கும்" என்றார்.

காரில் வந்து ஏறிய அண்ணை போத்தலை மடியில் வைத்து மூடியை இறுக்கினார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அந்த யன்னலும் அந்தக் கதிரையும் என் கண்ணில் வந்து நின்றன.

"ரெஜினாவோ?"

நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவள் அதைப் பெட்டியில மேல்பக்கம் போடுறவளோ, கீழ்ப்பக்கமோ?"

"என்னண்ணை கேக்கிறியள்?"

"கீழ போட்டிருந்தாள் எண்டால் அது சும்மா கிடந்திருக்கும். மேல போட்டு, தண்ணி அடிச்சு, கீழ வந்து நிண்டிருந்தால் பெட்டி பிடிச்சதெண்டு தானே அர்த்தம்? கேட்டுச் சொல்லும். நான் கேட்டதெண்டு சொல்லாதையும். அவள் பாவம்."

அடுத்த நாள் அக்காவிடம் கதையோடு கதையாகக் கேட்டேன். "மேல தான் தம்பி, தண்ணி விழுகிற இடத்தில, களிமண்ணில ஒட்டி. மாதா கீழ பிடிச்சுத் தருவா எண்டு நம்பித்தான்" என்றா. அதைப் போய்ச் சொன்னபோது அண்ணையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எல்லாப் புகழும் பெட்டிக்கே, மாதாவுக்கு ஒரு பங்கு கூடக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் போனோம். அவர் பெட்டியின் கால்களை இன்னும் பதித்துப் பூட்டினார், ரப்பரை மாற்றிப் பார்த்தார். பின்னேரம் வீட்டு வாசலிலேயே "இஞ்சாரும், வந்து பாரும்!" என்று கூப்பிடுவார். அக்கா ஓடிவந்து "என்ர மாதாவே, இவ்வளவு பெரிசோ!" என்று கன்னத்தில் கைவைப்பா. நடுவில் நான் மண்வெட்டியோடு நின்று இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோசமாக ஏமாற்று வேலைக்குத் துணைபோனதில்லை.

பிறகு சங்கிலி முடிந்ததோ கோடை முடிந்ததோ, அண்ணைக்கு ஒரு கந்தோரில் மேசைக்கு முன்னால் இருந்து செய்யும் வேலை கிடைத்தது. பெட்டி கராஜுக்குப் போனது. ஒரு நாள் அதுவும் இல்லாமல் போனது, குப்பையென்று வெளியே வைத்ததை அலுமினியத்துக்காக யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும். போன பனிக்காலம் அண்ணையும் போய்விட்டார். சனிக்கிழமை விடியப்புறம் "எழும்பிட்டீரோ தம்பி?" என்று கேட்க இப்போது யாருமில்லை. எழும்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணையின் ஆண்டுப் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு போட்டார்கள். சனம் எல்லாம் போன பிறகு அக்கா தேத்தண்ணியோடு எனக்கு முன்னால் வந்து இருந்தா.

"தம்பி, அவருக்குக் கடைசி மட்டும் தெரியாது, என்ன? தன்ர பெட்டி தான் ஆத்துப் பொன் பிடிச்சதெண்டு நம்பிக்கொண்டு தானே போனவர்?"

"ஓம் அக்கா," என்றேன். "அவருக்குத் தெரியவே தெரியாது."