விரிப்பு வளருமா?

உங்கள் பெரியக்கா கைக்குழந்தையாக இருந்தபோது நான் ஹட்டனில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தேன். உங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். அவள் மறுபடி வேலைக்குப் போக வேண்டுமானால் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில், ஆயாவிடம் விட வேண்டும். அங்கே தரை ஒரே குளிர். அதனால் கடையில் மிஞ்சிய துண்டுத்துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, அடியில் பழைய கம்பளியை வைத்து ஒரு விரிப்பு தைத்துக் கொடுத்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆயா பிள்ளையையும் விரிப்பையும் ஒன்றாகத் திருப்பித் தந்தாள்.

"புள்ள கண்ணே மூடல. கன்னத்தப் பாரு, தழும்பு தழும்பா. திங்கக்கிழமையும் இப்படியே அழுதா நீ வீட்டோட வச்சுக்க."

மறுநாள் அம்மா விரிப்பைப் பிரித்து, உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். எங்கேயோ பார்த்துக்கொண்டே முற்றிய இலையை விரலால் கண்டுபிடிக்கிறவள் அவள்.

"நாலு துணி சேர்ற எடமெல்லாம் கொட்டப்பாக்கு மாதிரி இருக்கு. உள்ள ஏங்க இவ்வளவு துணி விட்டீங்க?"

"பின்னால பிரிச்சு விடலாமேன்னு…"

எங்கள் கடையில் பிள்ளைகளின் சட்டைக்கெல்லாம் உள்ளே ஓர் அங்குலம் விட்டுத்தான் தைப்போம். கை பழக்கத்தில் இதற்கும் விட்டுவிட்டது. அம்மா விரிப்பை என் மடியில் போட்டாள்.

"சட்டை போடுற புள்ள வளரும். விரிப்பு வளருமா?"

எல்லாத் தையலையும் பிரித்தோம். உள்ளே கால் அங்குலம் மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டி, முதலில் இரண்டு வரிசையைச் சேர்த்துத் தைத்துப் பார்த்தேன். அப்படியும் மூலைகளில் முடிச்சு தட்டுப்பட்டது. உள்ளே விட்ட துணியின் மடிப்பை எல்லாம் நான் ஒரே பக்கமாகச் சாய்த்திருந்ததால், ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது.

"தேயிலைச் செடி நிரையில ரெண்டு பேரு கூடையோட எதிரெதிரே வந்தா என்னங்க செய்வோம்? ஒருத்தி மேப்பக்கம் ஒதுங்குவா, ஒருத்தி கீப்பக்கம். ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்குனா முட்டிக்கத்தான வேணும்?" என்றாள் அம்மா.

மறுபடி பிரித்து, ஒரு வரிசையின் மடிப்புகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையை வலப்பக்கமும் சாய்த்தேன். பித்தளைச் செம்பில் கொதிநீர் ஊற்றி, அதன் அடியால் அழுத்தித் தேய்த்தேன். இரண்டு வரிசையையும் சேர்த்தபோது மடிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் படிந்துகொண்டன. இத்தனை வருஷம் துணி தைத்த எனக்கு இது தோன்றவில்லை. தையல் மெஷினில் ஒருநாளும் உட்காராத உங்கள் அம்மாவுக்குத் தோன்றியது. கடையில் இதை நான் யாரிடமும் மறைக்காமல் சொன்னேன்.

திங்கட்கிழமை பால் கொடுக்கிற நேரத்துக்கு அம்மா மலையிலிருந்து ஓடி வந்தாளாம். ஆயா வாசலிலேயே கைகாட்டி நிறுத்தினாளாம்.

"எழுப்பாத. இப்பத்தான் அசந்துச்சு."

கதவருகே நின்று பார்த்துவிட்டு, அம்மா கூடையை மாட்டிக்கொண்டு திரும்ப மலையேறியிருக்கிறாள். சாயங்காலம் நான் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"முடிச்சு இல்லாமத் தைக்கச் சொன்னா, புள்ளைக்கு அம்மாவே மறந்துபோற மாதிரியா தைக்கிறது?"