எந்த ஊர்ப் பிள்ளை

அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அப்போது நாங்கள் செங்கோட்டையில் இருந்தோம். அந்த ஊர் திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. காரியம் முடிந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மதுரைப் பக்கம் வெள்ளைக்காரர் சீமையில் இருந்த தன் பிறந்த ஊரான விளாங்குடிக்கு வந்து, மாமாவின் நிலத்தில் ஒரு துண்டில் கத்திரி போட்டாள். இரண்டு வருஷம் கழித்துப் பெரியப்பா வந்தார். தம்பி மகள் தங்கள் வீட்டில்தான் வளரவேண்டும் என்று சமஸ்தானத்துக் கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருந்தார்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் வாசலை மறித்து நின்றாள். "அந்த ஊர்க் காகிதத்துக்கு இந்த ஊர்ல என்ன சோலி? இங்கயும் கோர்ட்டு இருக்கு. அதுல வந்து கேளுங்க."

மறுநாளே மதுரைக்கு நடந்துபோய் வக்கீலைப் பார்த்தாள். "சட்டமும் அதைத்தாம்மா சொல்லுது. பிள்ளை குடியிருக்கிற ஊர்க் கோர்ட்டுதான் விசாரிக்கணும்" என்று அவர் அசந்துபோனதை, மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்கு இன்றைக்கும் அதில் பெருமை குறையவில்லை.

வழக்கு மதுரைக் கோர்ட்டுக்கு வந்தது. நான் விளாங்குடிக்கு விருந்தாடி வந்தவள், என் வீடு செங்கோட்டைதான் என்று பெரியப்பா தரப்பில் வாதாடினார்கள். என்னை விசாரிக்கப்போகிறார்கள் என்றதும் மாமா, "பெரியப்பா அடிச்சாருன்னு சொல்லச் சொல்லு" என்றார்.

"அவரு ஒரு நாளும் கை நீட்டினதில்ல, அண்ணே. அவ வாயில வாரதைச் சொல்லட்டும்" என்று அம்மா மறுத்துவிட்டாள்.

ஜட்ஜ் என்னைப் பக்கத்தில் அழைத்தார். "பாப்பா, மாமா வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கியா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "விருந்துக்கு வந்த பிள்ளையை விடியமுன்ன எழுப்பி, அம்புட்டுக் கத்திரிக்கும் தண்ணி ஊத்தச் சொல்லுவாகளா? பள்ளிக்கூடம் விட்டு வந்தா மறுபடியும் ஊத்தணும். ரெண்டு வருசமா இதே வேலை. நீங்களே கேளுங்கய்யா!"

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும் சிரித்தபடியே எழுதிக்கொண்டார். வழக்கை மதுரையில்தான் விசாரிக்கவேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டார். நான் அம்மாவிடமே இருக்கலாம் என்ற தீர்ப்பும் பிறகு அங்கேயே வந்தது.

நான் ஜட்ஜிடம் பேசிய அன்று கோர்ட்டு வாசலில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தனை பேர் முன்னால் அவள்மேல் கோள் சொல்லிவிட்டேன், அந்த அவமானத்தில் அழுகிறாள் என்றே நினைத்தேன். மறுநாள் அவள் எழுப்புமுன்பே எழுந்து, நாலு பாத்திக்குத் தண்ணீர் ஊற்றி முடித்திருந்தேன்.