கோமோ ஏரிக்கரையில் ஆறு மணித்தியாலம்

ஊஸ்டரிலிருந்து காலை ஏழு மணிக்கு முன்பாகப் புறப்படும் ரயில் பதினைந்து நிமிடத்தில் சூரிச் தலைமை நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து மிலானோ போகும் ரயில் ஏழு முப்பத்துமூன்றுக்கு. இடையில் ஒரு கோப்பி குடிக்கலாம், சொக்கலேற் வாங்கலாம். நான் இரண்டையும் செய்தேன். சொக்கலேற் பெட்டியைத் தெரிவுசெய்யத்தான் அதிக நேரமெடுத்தது. பதினேழு வருடமாகக் கதைக்காத அக்காவுக்கு எந்த அளவுப் பெட்டி கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நடுத்தரமான ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

அது மே மாதத்து வியாழக்கிழமை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவனுக்கு ஓய்வுநாள் எந்தக் கிழமையிலும் வரலாம். கோமோ போவதற்கு வியாழன் வசதியானது. பழைய நகர மதிலடியில் அன்று காலைச் சந்தை கூடும். ரயில் சீட்டை மூன்று வாரம் முன்னதாக வாங்கினால் ஒரு வழிக்கு இருபத்தொன்பது பிராங். கடைசி நாளில் வாங்கினால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்.

சூக் ஏரியையும் ஆர்ட்-கோல்டாவையும் கடந்தபின் கொத்தார்ட் சுரங்கம் வருகிறது. ஐம்பத்தேழு கிலோமீற்றர், ஏறக்குறைய இருபது நிமிட இருட்டு. வடக்கே மழை தூறிக்கொண்டிருந்தது. தெற்கே வெளியே வந்தபோது வெயில். வீடுகளின் கூரைகள் கல்லாக மாறியிருந்தன, அறிவிப்புகள் இத்தாலிய மொழியில் முதலாவதாக வந்தன. இவ்வளவு தூரம்வரை நான் முன்பும் வந்திருக்கிறேன். லுகானோவுக்கு ஒருமுறை, சியாசோவுக்கு ஒருமுறை. சியாசோதான் எல்லை. அதற்கப்பால் போனதில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் போர் முடிந்த வருடம் நான் சோலோதுர்னில் ஓர் அகதி முகாமில் இருந்தேன். அக்கா சுகந்தி இத்தாலியின் தென்கோடியில், பலெர்மோவில், ஒரு வயதான பெண்ணைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். அந்த வருடம் அவள் நிமால் என்ற சிங்களவரைப் பதிவுத் திருமணம் செய்தாள். கொக்குவிலில் இருந்த அப்பா, அவள் பெயரை இனி வீட்டில் எவரும் எடுக்கக்கூடாது என்றார். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அக்கா தொலைபேசியில் எடுத்தபோது, “இனி எனக்கு அக்கா எண்டு ஒருத்தியும் இல்லை. இந்த நம்பருக்கு எடுக்காத” என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்படிச் சொல்லும்படி அப்பா என்னிடம் கேட்கவில்லை. அந்த வார்த்தைகள் என்னுடையவை.

பிறகு பல வருடங்கள் எஃப் என்று எழுதிய தற்காலிக அட்டையுடன் இருந்தேன். அதை வைத்துக்கொண்டு சுவிஸ் எல்லையைத் தாண்ட முடியாது. நினைத்தாலும் போக முடியாதே என்று சொல்லிக்கொள்ள அது உதவியது. சுவிஸ் கடவுச்சீட்டு கைக்கு வந்து மூன்று வருடமாகிவிட்டது. அந்த மூன்று வருடத்துக்குச் சாக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு வாரம் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘நாங்கள் இப்ப கோமோவில. நீ ஊஸ்டரில எண்டு பெரியம்மாவின்ர மகள் சொன்னவள். ரயிலில இரண்டரை மணித்தியாலம்தானாம். சுகந்தி.’ நாள் குறிக்க எனக்கு நான்கு நாள் எடுத்தது.

பத்து மணிக்குச் சற்று முன்பு கோமோ நிலையத்தில் இறங்கினேன். நிலையத்திலிருந்து ஏரிக்கரைக்கு ஒரு கிலோமீற்றர் அளவு நடை. அகலமான படிகளில் இறங்கினால் பூங்கா, பூங்காவின் கீழே இரண்டு பெரிய கைகளின் சிற்பம், அதற்கப்பால் நகரம். பழைய நகரத்தின் மதில் இன்னும் நிற்கிறது. அதன் நீளத்துக்குச் சந்தை விரிந்திருந்தது: பாற்கட்டி, காலுறைகள், கைப்பைகள், பட்டுத் துணியில் கழுத்துக்குட்டைகள். கோமோ பட்டுக்குப் பேர்போன ஊர். ஆனால் சந்தையில் பத்து யூரோவுக்குக் கிடைப்பது பட்டல்ல. விற்றவரே சிரித்துக்கொண்டு அதை ஒப்புக்கொண்டார்.

அக்கா பெரிய தேவாலயத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். துவோமோ என்று கேட்டால் எவரும் வழி காட்டுவார்கள். வெள்ளைப் பளிங்கு முகப்பு, பச்சைக் குவிமாடம். ஏறக்குறைய நானூறு வருடம் கட்டினார்களாம். உள்ளே போகக் கட்டணமில்லை. தூண்களுக்கிடையே சுவர்க்கம்பளம் போன்ற பெரிய பழைய சித்திரத் துணிகள் தொங்குகின்றன. நான் ஒவ்வொன்றின் கீழும் நின்று பார்த்தேன். அவற்றில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

பதினொரு மணிக்கு வெளியே வந்தேன். அக்கா வாசலில் நின்றாள். மேற்சட்டைக்குக் கீழே விடுதி வேலைக்காரருக்கான சாம்பல் நிறச் சீருடை தெரிந்தது. ஏரிக்கரையில் ஒரு விடுதியில் அறைகளைத் துப்புரவாக்குகிறாள். இரண்டு மணிக்கு வேலை தொடங்குகிறது.

“என்னடா, தலை வெளிச்சுப் போச்சு?” என்றாள்.

“வயசு போகுதெல்லோ.”

“எனக்கும்தான் போகுது. வா, மேல போவம். பேந்து சனம் கூடிடும்.”

நாங்கள் கட்டிப்பிடிக்கவில்லை. சொக்கலேற் பெட்டியை வாங்கிப் பைக்குள் வைத்தாள். ஏரியை இடதுபக்கம் விட்டுப் பத்து நிமிடம் நடந்தோம்.

கோமோவில் ஒரேயொரு விடயத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் புருனாத்தே மலைக்கு ஏறும் இழுவை ரயிலைச் சொல்வேன். போக வர ஆறு யூரோ அறுபது சதம். ஏழு நிமிடத்தில் ஏறக்குறைய ஐந்நூறு மீற்றர் உயரம். பெட்டி படிக்கட்டுப் போலச் சாய்வாகச் செய்யப்பட்டிருக்கிறது. கீழ்த்தட்டில் நின்றால் ஏரி காலடியிலிருந்து விலகிப் போவதைப் பார்க்கலாம். நடுவழியில் எதிரே வரும் பெட்டி உரசுவதுபோலக் கடக்கும். எங்களோடு ஏறிய ஜெர்மன் தம்பதி அதைப் படம் பிடித்தார்கள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

“பயமோ?”

“ஓம். நாலு மாசமா இஞ்ச இருக்கிறன். இண்டைக்குத்தான் முதல்தரம் ஏறுறன்.”

மேலே ஒரு சிறு ஊர், தேவாலயம், இரண்டு கோப்பிக்கடைகள். தடுப்புச் சுவரோரம் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே துவோமோவின் பச்சைக் குவிமாடம். ஏரியில் ஒரு பயணக் கப்பல் வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டு போனது. தண்ணீரிலேயே இறங்கி ஏறும் சிறு விமானங்களும் இங்கே உண்டு. ஒன்று இறங்குவதை இருவரும் முடியும்வரை பார்த்தோம்.

“நீ ஃபோனில சொன்னது ஞாபகம் இருக்கோ?” என்று அக்கா கேட்டாள்.

“இருக்கு.”

“எனக்கும் இருக்கு. அவருக்குத் தெரியாது.”

எனக்கு விளங்கவில்லை. அவள் ஏரியைப் பார்த்தபடி சொன்னாள்.

“அண்டைக்கு அவர் பக்கத்திலதான் நிண்டவர். ஃபோன் ஸ்பீக்கரில. அவருக்கு அப்ப தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. தம்பி என்ன சொன்னவன் எண்டு கேட்டவர். சந்தோசமா இருங்கோ எண்டு வாழ்த்தினவன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஏன் அக்கா?”

“அவரின்ர வீட்டிலயும் அவரைத் தள்ளி வைச்சிட்டினம். அந்தப் பக்கமும் ஆள் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை எண்டா மனுசன் என்ன செய்யும்? ஒரு ஆளாவது இருக்கட்டும் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் தம்பி எப்பிடி எண்டு கேப்பார். சுகமா இருக்கிறானாம் எண்டு சொல்லுவன்.” என் பக்கம் திரும்பினாள். “இப்ப நீ அவரிட்ட மன்னிப்புக் கின்னிப்புக் கேட்டு எல்லாத்தையும் குழப்பிப்போடாத.”

“உங்களிட்டக் கேக்கலாமோ?”

“என்னட்டையும் கேக்காத. எனக்கு அழுதுபோட்டு வேலைக்குப் போக ஏலாது.”

மகளுக்குப் பதினான்கு வயது என்றாள். “இண்டைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிக்கட்டோ எண்டு கேட்டவள். நான்தான் வேண்டாம் எண்டனான். முதல் நீ எப்பிடி எண்டு பாக்கவேணும்.”

“சரிதான்” என்றேன். அது சரிதான்.

பன்னிரண்டரைக்குக் கீழே வந்தோம். நிமால் சமையற்காரராக இருக்கும் உணவகம் ஏரியிலிருந்து இரண்டு தெரு உள்ளே, வளைவுத் தூண்களுக்குக் கீழே இருக்கிறது. எட்டு மேசைகள். வெள்ளை ஏப்ரனோடு வெளியே வந்தவர் குள்ளமானவர், நரைத்த மீசை, என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். “வாங்க தம்பி. பயணம் சுகமா?” என்று இரு கைகளாலும் என் கையைப் பிடித்தார். தமிழை அக்காவிடம் பழகியிருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சொற்கள் வேறொரு இராகத்தில் வந்தன.

கோமோவில் சாப்பிட வேண்டியது ஏரி மீன் வைத்த ரிசோத்தோ. வெண்ணெயில் குழைந்த சோற்றின்மேல் பொரித்த மீன் துண்டுகள், சேஜ் இலை. வெளியே பலகையில் பதினெட்டு யூரோ என்று எழுதியிருந்தார்கள். சோறு நடுவில் சற்றே கடிபட வேண்டும். அது நிமாலின் கையில் சரியாக வந்திருந்தது.

மதியக் கூட்டம் குறைந்தபின் அவர் எங்களோடு வந்து இருந்தார். “நீங்களும் குசினி வேலைதானே? எத்தனை பேருக்கு?”

“எண்பது பேருக்கு.”

“உப்பு?”

“உப்பு இல்லை. டொக்டர் விடமாட்டார்.”

அவர் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “தம்பி, எங்கட கலியாணத்துக்கு நல்ல வார்த்தை சொன்ன ஒரே ஆள் நீங்கதான். நான் அதை மறக்கயில்லை” என்றார்.

அக்கா தட்டில் இருந்த கடைசி மீன்துண்டை முள்ளுக்கரண்டியால் இரண்டாக வெட்டினாள். நான் தண்ணீர் குடித்தேன். “அது பெரிய விசயமில்லை” என்று சொன்னேன்.

ஒன்றேமுக்காலுக்கு அக்காவை விடுதியின் பின்வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். போகும் வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்: “ஆள் எப்பிடி?”

“நல்ல மனுசன்.”

“ஓம். அடுத்தமுறை வரேக்க உன்ர மனிசியையும் கூட்டிக்கொண்டு வா.” கதவுக்குள் போனவள் திரும்பி வந்து என் தலையில் கைவைத்துத் தடவினாள். பிறகு போய்விட்டாள்.

அதன்பின் ஒரு மணித்தியாலம் தனியே ஏரிக்கரையில் நடந்தேன். மேற்குக் கரையில் வில்லா ஓல்மோ வரை போகும் பாதை அழகானது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பழைய மாளிகைகளின் இரும்பு வாசல்கள். பெல்லாஜியோவுக்குக் கப்பலில் போக விரும்புகிறவர்கள் காலையிலேயே புறப்பட வேண்டும். மெதுவான கப்பல் இரண்டு மணித்தியாலம் எடுக்கும். எனக்கு அதற்கு நேரமிருக்கவில்லை.

மூன்று மணிக்கு உணவகத்துக்குத் திரும்பியபோது நிமால் உடைமாற்றிக்கொண்டு வந்தார். நிலையம் வரை தானும் வருவதாகச் சொன்னார். பூங்காப் படிகளில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் பாதியில் நின்றார்.

“தம்பி, மேசையில நான் சொன்னது உங்கட அக்காவுக்காக.”

“எது?”

“நல்ல வார்த்தை சொன்னது எண்டு. நீங்க என்ன சொன்னது எண்டு எனக்குத் தெரியும்.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் இருந்தார்.

“அப்ப எனக்குத் தமிழ் தெரியாது. ஆனா சத்தம் காதில நிண்டது. இல்லை. எடுக்காத. இந்த ரெண்டு சொல்லு. பிறகு மகள் தவழுற வயசில கத்தியைத் தொடப் போனா. உங்கட அக்கா ‘எடுக்காத’ எண்டு கத்தினா. அப்ப எனக்கு விளங்கினது. சந்தோசமா இருங்க எண்டு சொல்லுற ஆள் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்தானே.”

“நீங்கள் அக்காவிட்டக் கேக்கேல்லையோ?”

“என்னத்துக்கு? எனக்கு நோகக்கூடாது எண்டு அவ பொய் சொன்னா. நான் தெரியும் எண்டு சொன்னா அவவுக்கு நோகும். வருசா வருசம் தம்பி சுகமா எண்டு கேப்பன். அவ சொல்லுறது எனக்குக் கேக்க விருப்பம்.”

கீழே நகரம் பிற்பகல் வெயிலில் மங்கலாகக் கிடந்தது. மன்னிப்புக் கேட்டுக் குழப்பாதே என்று அக்கா சொல்லியிருந்தாள். ஆனால் குழம்பிவிடாமல் காப்பாற்ற இனி அங்கே எதுவும் இல்லை.

“அத்தான்” என்றேன். “நான் அண்டைக்குச் சொன்னது பிழை. உங்களை ஆரெண்டு தெரியாமலே சொன்னனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“எனக்குக் கோவம் இருந்தது” என்றார். “கன காலம். நாலு மாசத்துக்கு முதல் இங்க வேலை கிடைச்ச நேரம் சுவிஸ் கிட்ட எண்டு உங்கட அக்கா சொன்னா. மெசேஜ் போடு எண்டு சொன்னது நான்தான்.” எழுந்து காற்சட்டையைத் தட்டினார். “வாங்க, ரயில் வந்திடும். நாங்க கதைச்சது அவவுக்குச் சொல்லவேண்டாம்.”

மேடையில் வண்டி நகரும்வரை நின்றார். சியாசோவில் எல்லைக் காவலர்கள் ஏறி எனக்கு முன்னால் இருந்தவரின் பையைத் திறந்து பார்த்தார்கள். என் கடவுச்சீட்டை ஒரு கணம் பார்த்துத் திருப்பித் தந்தார்கள். லுகானோ ஏரி வந்தது. அது கோமோவைப் போலவே மலைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. தண்ணீரின் நிறமும் ஒன்று. ஊஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிரைஃபன் ஏரி இவற்றோடு ஒப்பிட்டால் தட்டையானது, சைக்கிளில் ஒரு காலைப்பொழுதில் சுற்றி வந்துவிடலாம். அங்கே ஒரு கரையிலிருந்து மறுகரை எப்போதும் தெரியும். கோமோவில் ஏரி வளைந்து போகிறது. ஒரு கரையில் நிற்பவருக்கு அதன் மிச்சம் தெரியாது. போகிறவர்கள் ஒரு பகலோடு திரும்பாமல் ஓர் இரவாவது தங்குவது நல்லது.

கொத்தார்ட் சுரங்கத்துக்கு இன்னும் நேரமிருந்தது. கொக்குவிலில் அப்போது இரவு எட்டு மணி. அப்பா படுக்கப் போகும் நேரம். எண்ணை அழுத்தினேன்.

“அப்பா, இண்டைக்கு இத்தாலிக்குப் போனனான். அக்காவைப் பாத்தனான்.”

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. அப்பா எழுந்து போய் அணைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து கதிரையில் அவர் இருக்கும் சத்தம் கேட்டது.

“பிள்ளையள் இருக்கோ?” என்றார்.

“ஒரு மகள். பதினாலு வயசு.”

“பேர் என்ன?”

ஆறு மணித்தியாலம் அந்த ஊரில் இருந்தேன். அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“நான் கேக்கேல்லை, அப்பா.”

“கேட்டுச் சொல்லு” என்றார். “நான் படுக்காமல் இருக்கிறன்.”