இடது கண்ணுக்கும் இடது காதுக்கும் நடுவே

நெல்டா ப்ரூயிட் யாரிடம் பேசத் தொடங்கினாலும் முதலில் ஈரக் கைக்குட்டையால் இடது கண்ணை ஒற்றிக்கொள்வார். தீவனக் கடையிலும் தேவாலய வாசலிலும் எங்கள் வேலியோரத்திலும் இதே வழக்கம்தான். அவர் எந்நேரமும் அழுதுகொண்டிருக்கிறார் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"அழுகையா? அந்தப் பொம்பளையா? பன்னி சுட்டுட்டு வந்திருப்பா. துப்பாக்கிப் புகை கண்ணுல அடிச்சிருக்கும்."

மத்திய டெக்சாஸில் நிலக்கடலை பயிரிடுகிறவர்களுக்குக் காட்டுப்பன்றியைத் தவிர வேறு பெரிய எதிரி இல்லை. விதைத்த மறுநாளே கூட்டமாக இறங்கி உழவுச் சாலோடு போய் விதையைத் தின்றுவிடும். கணவர் இறந்த பிறகு நெல்டா தனியாகவே அந்த நிலத்தைக் காத்தார். என் அப்பா அவரிடம் வேலை பார்த்தார். கணவரின் அண்ணன் மகன் டேரல் மட்டும் ஒவ்வொரு விதைப்புக்கும் வந்து நிற்பான். "பன்னிய நிறுத்த முடியலன்னா நிலத்தக் குத்தகைக்கு எங்கிட்ட விட்டுடுங்க சித்தி" என்பான்.

நெல்டாவின் வலது கண் பிறவியிலேயே மங்கல். அவருக்குக் குறி தெரிவது இடது கண்ணில்தான், அதனால் துப்பாக்கியும் இடது தோளில்தான். வலது காதோ பல வருட வெடிச் சத்தத்தில் செத்துப்போனது. மிச்சமிருக்கும் காதைக் காப்பாற்றத் துப்பாக்கி முனையில் சத்தத்தை அடக்கும் குழாயை மாட்டினார். தொல்லை அங்கே தொடங்கியது.

அவருடையது தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. வெடிக்கும் வாயுவில் ஒரு பங்கு திரும்பி வந்து, உள்ளே இருக்கும் போல்ட்டைப் பின்னால் தள்ளும். காலி உறை வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா ஏறும். முனையில் குழாய் இருந்தால் வாயு சுலபமாக முன்னே போக முடியாமல் நிறையவே பின்னே வரும். உறை தெறிக்கும் திறப்பு வலப்பக்கம் இருப்பதால் வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்குப் பாதிதான் பாதிப்பு. நெல்டாவுக்கு அது நேராக முகத்தில்.

"இப்படியே போனா இந்தக் கண்ணும் கெட்டுடும்" என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார்.

கல்லூரி முடித்து ஊர் திரும்பியிருந்த நான், எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் என்ற தைரியத்தில் யோசனை சொல்லப் போனேன்.

"குழாயக் கழட்டிட்டுக் காதுக்கு மூடி போட்டுக்கலாமே, மிஸ் நெல்டா?"

"இருக்கிறதே ஒரு காது. அதையும் மூடிட்டா பன்னி எந்தப் பக்கம் வருதுன்னு கேக்க உன் காதக் கழட்டித் தருவியா?"

"கண்ணாடி?"

"போட்டுப் பாத்தாச்சு. வேர்வையில ஆவி படிஞ்சு பன்னியும் பசுவும் ஒண்ணாத் தெரியுது."

"ஒவ்வொண்ணா ஏத்துற துப்பாக்கி?"

"நான் ரெண்டாவது ஏத்துறதுக்குள்ள மத்ததெல்லாம் பக்கத்து மாவட்டத்துல இருக்கும். போய் உங்கப்பனுக்குக் காபி போட்டுக் குடு."

அவர் போனது ராய்ஸ் ஹேச்சரிடம். தீவனக் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் துப்பாக்கி பழுது பார்ப்பவர். பள்ளிக்கூட நாளிலிருந்தே இருவருக்கும் வாக்குவாதம்தான். போல்ட்டை இழுக்கும் கைப்பிடியின் இடுக்கில், எஞ்சின் மூடிக்குப் பூசும் சிவப்புப் பசையை ராய்ஸ் பூசிப் பார்த்தார். புகை கொஞ்சம் குறைந்தது. பிறகு, திரும்பி வரும் வாயுவைக் கூட்டிக் குறைக்க, பல் பல்லாகத் திரும்பும் சிறு திருகு ஒன்றைப் பொருத்தினார்.

ஆகஸ்ட் வெயிலில் கொட்டகைக்குப் பின்னால் அதைச் சோதித்தார்கள். நெல்டா சுடுவார், முகர்ந்து பார்ப்பார், "இன்னும் வருது" என்பார். ராய்ஸ் இன்னொரு பல் மூடுவார்.

"போதும். இப்ப ஒண்ணுமே வரல."

"அதான் பயமா இருக்கு. மயிரிழையில ஓடுது. ரெண்டு பல் திறந்து வை நெல்டா. குளிர்ல எண்ணெய் கட்டிக்கும், தோட்டா மருந்துக்கும் இந்த வேகம் இருக்காது."

"கொஞ்சம் திறந்தா புகை வரும். கண்ணு என்னோடது."

"உன் பிடிவாதத்தக் குழாய்ல அடைச்சா பீரங்கிகூடச் சத்தம் போடாது."

இலையுதிர்காலம் முழுக்க நெல்டா சொன்னதே சரியாக இருந்தது. கண்ணில் சிவப்பு மறைந்தது. அறுவடையும் நன்றாக வந்தது. டேரல் வரவே இல்லை.

ஜனவரியில் கடலை நிலத்தில் ஓட்ஸ் முளைத்திருந்தது. உறைபனி விழுந்த விடியலில் பன்றிகள் அங்கே மேய வந்தன. தன் கைவேலையைப் பார்க்க ராய்ஸும் வந்து வேலி மூலையில் நின்றார். வண்டி ஓட்டிப் போனது நான். முதல் சூட்டில் ஒரு பெரிய பெண் பன்றி சரிந்தது. போல்ட் பாதி வழி வந்து, காலி உறையைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. நெல்டா கையால் இழுத்து உறையைத் தட்டிவிட்டு அவசரமாகச் சுட்டார். குண்டு ஆண் பன்றி ஒன்றின் தொடையில் பட்டது. மறுபடியும் போல்ட் நின்றது. அடிபட்ட பன்றி நேராக வேலி மூலைக்கு ஓடி ராய்ஸின் கெண்டைக்காலைக் கிழித்தது. அது அவரைத் தாண்டி வெட்டவெளிக்குப் போன பிறகுதான் நெல்டாவால் அதை வீழ்த்த முடிந்தது.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் ராய்ஸ் காலைத் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். ‘ராய்ஸ் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு.’ ஒரே ஒரு தடவை சொல்லு."

"முதல்ல ரத்தம் நிக்கட்டும்."

"இங்க இல்ல. காபிக் கடையில, எல்லார் முன்னாடியும்."

நெல்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். "சரி. கால் ஆறட்டும். சொல்றேன்."

அதே வாரம், இன்னும் கடுங்குளிரான ஒரு காலையில், வேண்டுமென்றே துடைக்காத துப்பாக்கியோடு அவர் தனியாக உட்கார்ந்தார். ஒவ்வொரு பல்லாகத் திறந்து சுட்டார். ஒருமுறைகூட நிற்காமல் ஓடிய இடத்திலிருந்து இன்னும் ஒரு பல் திறந்து, அங்கே சிவப்பு நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்தார். கோடைக்கு வெள்ளைப் புள்ளி.

"புகை வருமே?" என்றேன்.

"கொஞ்சம் வரும். கொஞ்சத்தக் கண்ணு தாங்கும். நடுவுல நின்னு போற துப்பாக்கிய ராய்ஸ் காலு தாங்கல, பாத்தேல்ல?"

அந்த மே மாத விதைப்பைப் பன்றிகள் தொடவில்லை. கண் மருத்துவரும் ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். டேரல் ஆற்றுக்கு அந்தப்பக்கம் வேறு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டான்.

நிலத்தை விடாத பிடியும் ஒரு வார்த்தையை விடாத பிடியும் ஒன்றுதானா, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட முடியுமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இன்னும் விடை தெரியவில்லை. ராய்ஸின் கொட்டகைக்கு நெல்டா புதுத் தகரம் போட்டுக் கொடுத்தார். பன்றி இறைச்சியில் சாசேஜ் செய்து அனுப்பினார். சனிக்கிழமை தோறும் காபிக் கடையில் ராய்ஸ் கொஞ்சம் நொண்டியபடி வந்து, பிஸ்கட் என்னும் மெத்து ரொட்டியைக் கிரேவிக் குழம்போடு சாப்பிடும் நெல்டாவுக்கு எதிரே உட்காருவார். கடையே பேச்சை நிறுத்திவிடும்.

"நெல்டா, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கே?"

"ஆமா. பிஸ்கட்டுக்கு இன்னும் கொஞ்சம் கிரேவி ஊத்தச் சொல்லு."

கால் ஆறி மூன்று அறுவடை ஆகிவிட்டது. அவர் இன்னும் சொல்லவில்லை.